மேலதிக நேரத்துக்கு முன் சுண்டிய காசு

புதிதாக விசில் வாங்கியிருக்கும் தம்பிமாருக்கு,

சட்டப் புத்தகத்தைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அது உங்கள் கையில் இருக்கிறது. பரீட்சைக்காகப் பாடமாக்குவீர்கள், பிறகு மறப்பீர்கள், மைதானத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி படிப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் படித்தோம். திருகோணமலையில் பகலில் கந்தோரில் கிளார்க், பின்னேரத்தில் உதைபந்தாட்ட நடுவர் என்று என் காலம் போனது. கிளார்க் வேலைக்குப் பென்சன் தருகிறார்கள். நடுவர் வேலைக்கு, இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டில் எது என்னை அதிகம் யோசிக்க வைத்தது என்று கேட்டால், சம்பளம் தராத வேலைதான்.

உங்களுக்குச் சொல்ல வந்தது காசு சுண்டுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள். காசு சுண்டும்போது எல்லாரும் காசைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பதில்லை. காசு எப்படியும் கீழே விழும், விழுந்த பிறகு குனிந்து பார்த்தால் போதும். நான் பார்ப்பது இரண்டு கப்டன்மாரின் முகத்தை. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பவன் முதல் தவறுக்கே என்னோடு வாதாட வருவான். சிரித்துக்கொண்டு நிற்பவன் பின்னால் இருந்து காலை வாருவான். இது வித்தை ஒன்றுமில்லை. அடுத்தவன் முகத்தை உற்றுப் பார்க்கிற கெட்ட பழக்கம் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரிதான், ஆனால் அந்தக் கெட்ட பழக்கம் ஒரு நாள் உதவியது.

கிண்ணியா அணிக்கு அந்த நாட்களில் ஜுனைதீன் என்பவர் கப்டன். பின்வரிசையின் நடுவில் நின்று ஆடுவார். துறைமுகத்தில், கப்பலில் இருந்து சாமான் தூக்கி இறக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுவது அவருக்குத் தொழில். அவருடைய பல ஆட்டங்களுக்கு நான் காசு சுண்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான். காசு என் விரலை விட்டு உச்சிக்குப் போய்ச் சேருமுன்பே "தலை" என்று சொல்லிவிடுவார். பூ என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்ன பிறகும் கண்ணை எடுக்கமாட்டார். காசு மேலே போனால் கண்ணும் மேலே போகும், காசு கீழே வந்தால் கண்ணும் வழுக்கிக்கொண்டு கீழே வரும். வின்சில் தொங்கும் மூட்டையைப் பார்த்துப் பழகிய கண் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அறுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு இறுதி ஆட்டம். கிண்ணியாவும் சல்லி என்கிற ஊரும். கிண்ணியாவுக்கு அந்தக் கிண்ணம் ஒருபோதும் கிடைத்ததில்லை. ஆட்களையும் வண்டிகளையும் அக்கரை சேர்க்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம், அது அன்றைக்குக் காலையில் இருந்து இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடி ஓடிச் சனத்தை இறக்கியது. சல்லியில் இருந்து சைக்கிளிலும் லொறியிலும் வந்து இறங்கினார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் போட்டிகளில் காயப்பட்டவருக்குப் பதிலாக வேறு ஆள் இறக்க முடியாது. ஒருவர் வெளியேறினால் பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் டவுன் தமிழன். சல்லிப் பெடியளும் தமிழர். கிண்ணியா முஸ்லிம்களின் ஊர். கிண்ணியாப் பக்கம் யாரும் அதுவரை என் நேர்மையைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை, அதை நான் என் சொத்துப்போல வைத்திருந்தேன்.

இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ஒரு மூலை உதை. மழையில் ஊறிய தோல் பந்து. ஜுனைதீனும் சல்லியின் முன்வரிசைக்காரர் ஒருவரும் ஒன்றாக எழும்பினார்கள். தேங்காய் இரண்டு மோதிய மாதிரிச் சத்தம் கேட்டது. சல்லிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜுனைதீன் விழுந்தார், ஆனால் நான் ஓடிப் போவதற்குள் எழும்பி நின்றுவிட்டார். இரத்தம் இல்லை. நெற்றியின் ஓரம் கொஞ்சம் சிவந்திருந்தது. அப்போது எல்லாரும் கேட்கிற கேள்விகளைத்தான் நானும் கேட்டேன். பெயர் என்ன, எத்தனை விரல், யார் முன்னுக்கு நிற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஆடப் போய்விட்டார்.

நன்றாகவே ஆடினார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். உயரத்தில் வந்த பந்துகளுக்கு மட்டும் ஒன்றிரண்டு தரம் பிந்தி எழும்பினார். தலை நோகிறது, தலையால் இடிக்கப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. மேலதிக நேரம். அதற்கு மறுபடி காசு சுண்ட வேண்டும்.

இரண்டு கப்டன்மாரும் நடுவில் வந்து நின்றார்கள். நான் சுண்டினேன். ஜுனைதீன் எதுவும் சொல்லவில்லை. காசு மண்ணில் விழுந்தது. விழுந்த பிறகுதான் "தலை" என்றார். அவருடைய கண் இன்னும் மேலே, காசு எப்போதோ விட்டுப்போன இடத்தில் நின்றது.

எனக்கு வந்தது பயம் என்பதைவிட, இது என்ன என்று அறியும் ஆசை என்றுதான் சொல்வேன். காசு சரியாகச் சுழலவில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லி மறுபடி சுண்டினேன். இந்தத் தடவை வேறெதையும் பார்க்கவில்லை, அந்த இரண்டு கண்ணையும் மட்டும் பார்த்தேன். அவை காசோடு போகவில்லை. ஒரு வெட்டு வெட்டி மேலே போயின, அங்கே தேடின. பிறகு, கல்லுக்குக் கல் தாண்டி ஆற்றைக் கடப்பவன்போல, விட்டு விட்டுக் கீழே வந்தன. அதற்குள் சல்லிக் கப்டன் குனிந்து காசைப் பார்த்துவிட்டார். அவரும் ஒரு மாதிரியாக ஜுனைதீனைப் பார்த்தார்.

பந்து என் அக்குளில் இருந்தது. "பிடியுங்க" என்று சொல்லி, குழந்தைக்கு எறிவதுபோல மெல்ல எறிந்தேன். பந்து அவர் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. அதன் பிறகுதான் அவர் கைகள் இரண்டும் வந்து, ஒன்றுமில்லாத இடத்தில் மூடிக்கொண்டன. அவர் தன் கைகளையே பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்கிற மாதிரி இருந்தது.

கோட்டு நடுவராக நின்றவர் ரஹீம் மாஸ்டர். கிண்ணியாவில் கணக்குப் படிப்பிப்பவர். இப்படியான ஆட்டங்களுக்குக் இரண்டு கோட்டுக்கும் ஊருக்கு ஒருவர் என்று நிறுத்துவது எங்கள் வழக்கம், பிறகு யாரும் குறை சொல்ல ஏலாது. அவரைக் கூப்பிட்டு, ஜுனைதீனை வெளியே அனுப்பப் போகிறேன் என்றேன்.

"ரத்தமில்ல, வீக்கமில்ல," என்றார் அவர். "என்னெண்டு சொல்லி அனுப்பப் போறீங்க?"

"கண் பிந்துது எண்டு."

"சனம் அத ஒத்துக்கொள்ளுமா?"

ஒத்துக்கொள்ளாது என்று எனக்கும் தெரியும். கடுமையாகக் காயப்பட்டவரை நடுவர் வெளியேற்றலாம் என்று சட்டத்தில் இருந்தது. கடுமை என்றால் என்ன என்று சட்டத்தில் இல்லை. கால் முறிந்தால் ஊரே தூக்கிக்கொண்டு போகும். நின்று, நடந்து, பேர் சொல்லி, சிரித்துக்கொண்டு இருக்கிறவருக்குக் காயம் என்று எப்படிக் காட்டுவது? எனக்கு மருத்துவம் தெரியாது. தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். இந்த மனிதருக்கு இப்போது பந்து வருவது தெரியவில்லை. தெரியாத பந்து தலையில்தான் விழும். ஏற்கனவே அடிபட்ட தலையில் இன்னொரு அடி விழுந்தால் ஆள் எழும்பாமல் போகலாம் என்று குத்துச்சண்டைக்காரர்கள் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன். அது நடந்தால் கிண்ணத்தை யார் வாங்கி என்ன?

ஜுனைதீன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "வெளிச்சம் கண்ணக் குத்துது சேர், வேற ஒண்டுமில்ல. இந்தக் கப்ப நாங்க ஒருக்காலும் எடுக்கல்ல. என்ன வெளிய போடாதீங்க."

அவர் கெஞ்சுகிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நீங்கள் போகாவிட்டால் ஆட்டத்தை இத்தோடு நிறுத்திவிடுவேன், கிண்ணம் இருவருக்கும் இல்லை என்றேன். அவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கோட்டைத் தாண்டும்போது கால் ஒருமுறை தடுக்கியது.

சனம் என்ன கத்தியது என்று முழுதாக எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். "உங்கட ஆக்களுக்குக் கப்பக் குடுக்கத்தானே இந்த வேல" என்று ஒருவர் கத்தினார். அந்தச் சொல் சுட்டது. பத்துப் பேரோடு ஆடிய கிண்ணியா கடைசிவரை மல்லுக்கட்டி, முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. நான் சைக்கிளை எடுக்கப் போனபோது இரண்டு சில்லிலும் காற்றில்லை. உருட்டிக்கொண்டு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நடந்தேன்.

மறுநாள் செய்தி வந்தது. ஜுனைதீனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், அங்கே கண்ணில் வெளிச்சம் அடித்து, முழங்காலில் தட்டி, நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர் வேலைக்கும் போகிறாராம். ஊரில் என்னை என்ன சொல்லியிருப்பார்கள் என்று உங்களுக்கே விளங்கும்.

உண்மையைச் சொன்னால், எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. களைத்துப்போன மனிதன் எவனும் காசைப் பிந்தித்தானே பார்ப்பான்? இதை எப்படித் தெரிந்துகொள்வது என்ற நச்சரிப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் மனைவிக்கு முன்னால் காசு சுண்டினேன். உங்களுக்கு விசர் என்றாள், ஆனால் கண் ஒழுங்காக ஏறி இறங்கியது. கந்தோரில் கோடு கீறும் அடிமட்டத்தை நுனியில் பிடித்து, கீழே எதிராளியின் விரல்களுக்கு நடுவில் தொங்கவிட்டு, சொல்லாமல் கைவிடுவேன். எவ்வளவு தூரம் விழுந்த பிறகு பிடிக்கிறார் என்று பார்ப்பேன். முதலில் சிரித்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். பெரிய கிளார்க் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குத் தெரியாமல் பியூனோடு அடிமட்டம் பிடித்துப் பழகியதும் எனக்குத் தெரியும்.

அதில் நான் கண்டது இதுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு வேகம் இருக்கிறது. எங்கள் ஸ்டோர்கீப்பருக்கு அடிமட்டம் முழுவதும் விழுந்து முடியத்தான் கை மூடும், ஆனால் எந்த நாளும் அப்படித்தான். டைப் அடிக்கும் பிள்ளை பாதி விழுமுன்பே பிடித்துவிடுவாள். காய்ச்சலில் எழும்பி வந்த ஒரு நாள் பாதிக்கு மேல் விழுந்த பிறகுதான் பிடித்தாள். அப்போதும் அவள் ஸ்டோர்கீப்பரை விடக் கெதியாகத்தான் பிடித்தாள். அந்த இடத்தில் எனக்கு உறைத்தது. ஜுனைதீனை ஆஸ்பத்திரியில் மற்ற மனிதரோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவரோ சாதாரண மனிதரை விட வேகமானவர். அவர் பிந்தினாலும் நம்மளவுக்குத்தான் வந்து நிற்பார், பார்ப்பவருக்குச் சுகதேகியாகத் தெரிவார். அவருடைய கண் முன்பு எப்படிப் போனது என்பது, பல தடவை காசு சுண்டிய எனக்கு மட்டும்தான் தெரியும்.

இது தெரிந்ததும் சந்தோசப்படவில்லை, பயந்தேன். அவர் வின்ச் ஓட்டுகிறார். மூட்டை தொங்கும்போது கீழே ஆட்கள் நிற்பார்கள்.

ரஹீம் மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு, பாதை ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். ஜுனைதீன் முற்றத்தில் எங்களைக் கண்டதும் எழும்பிப் பின்பக்கத்தால் போய்விட்டார். அவருடைய மனைவி கதவுக்கு உள்ளே நின்றபடி தேத்தண்ணி அனுப்பினார். மாஸ்டர் அவருக்குத் தூரத்துச் சொந்தம். கதையை மாஸ்டர்தான் தொடங்கினார்.

கதவுக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் வந்தது எல்லாமே எனக்குப் புதுசு. ஒவ்வொரு பின்னேரமும் துறையடித் தேத்தண்ணிக் கடையில் பேப்பரை உரக்க வாசிப்பவர் ஜுனைதீன்தானாம். வாசிக்கத் தெரியாத மீன்காரரெல்லாம் அதற்காகவே வந்து இருப்பார்களாம். ஆட்டத்துக்குப் பிறகு அந்தப் பக்கமே போகிறதில்லை. அரசியல் கேட்டு அலுத்துப்போச்சு என்கிறாராம். வீட்டில் ஒளித்து வாசிக்கப் பார்க்கிறார், விரலை வைத்துக்கொண்டு வாசித்தும் ஒரே வரிக்கே திரும்பி வருகிறார். பாதையில் வரும்போது கரை ஆடுகிறது என்று கண்ணை மூடிக்கொள்கிறார்.

"அப்ப வின்ச்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"அதத்தான் நானும் யோசிக்கிறன் சேர்," என்றார் அந்தப் பெண். "நான் சொன்னது தெரிஞ்சா என்னை ஏசுவார். ஏசட்டும். வின்சுக்குக் கீழ நிக்கிறதும் ஒருத்தியின்ட புருஷன்தானே."

அன்றைக்கே அவர் தன் தம்பியைத் துறைமுகத்துக்கு அனுப்பி மேற்பார்வையாளரிடம் சொல்ல வைத்தார். ஜுனைதீனை வின்சில் இருந்து எடுத்துக் கீழே கயிற்று வேலையில் போட்டார்கள். என்ன சண்டை நடந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அந்த மனுசியின் துணிவில் பாதி எனக்கு மைதானத்தில் இருந்திருந்தால், நான் அவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டு நின்றிருக்கமாட்டேன்.

கண் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப்போனது ரஹீம் மாஸ்டர். நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான். டொக்டர் இரண்டு பென்சிலைத் தூரத்தூரமாகப் பிடித்து, இதைப் பார், அதைப் பார் என்று மாறி மாறிச் சொன்னாராம். நல்ல கண் ஒரே தாவலில் போய் மற்றப் பென்சிலில் நிற்கும். ஜுனைதீனின் கண் குறையாக விழுந்து, பிறகு இன்னொரு தத்துத் தத்திப் போய் நின்றதை மாஸ்டரும் பார்த்தாராம். கண்ணில் பழுதில்லை, கண்ணை ஓட்டுகிற மூளைதான் குலுங்கியிருக்கிறது, பந்தும் வேண்டாம் வின்சும் வேண்டாம், ஓய்வு எடுத்தால் தன்பாட்டில் திரும்பும் என்று டொக்டர் சொல்லி அனுப்பினார். திரும்பியும் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. தேத்தண்ணிக் கடையில் மறுபடி பேப்பர் வாசிக்கிறார் என்று மாஸ்டர் சொன்ன நாள், கந்தோரில் பக்கத்து மேசைக்காரருக்கெல்லாம் நான் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். ஏனென்று அவர்களுக்குச் சொல்லவில்லை.

தம்பிமாரே, நீங்கள் டொக்டர்மார் இல்லை. என்ன வருத்தம், என்ன நோய் என்று பெயர் சொல்வது உங்கள் வேலையில்லை. ஆனால் டொக்டர் பார்க்காத ஒன்றை நீங்கள் பார்க்கிறீர்கள். அடிபடுவதற்கு முன்னால் அந்த ஆள் எப்படி இருந்தான் என்பதை. அதனால் ஆட்டம் தொடங்குமுன் எல்லாரோடும் இரண்டு வார்த்தை கதையுங்கள், பந்தைத் தட்டிக் கொடுத்துப் பாருங்கள். அடிபட்டவன் சொல்லும் பதிலை நம்பாதீர்கள். அவன் பொய் சொல்கிறான் என்றில்லை, அவனுக்கே தெரியாது. இப்போது உங்களுக்கு மாற்று ஆள் இறக்க வழியிருக்கிறது. எங்களுக்கு இல்லாத வசதி அது, அதைப் பாவிக்க வெட்கப்படாதீர்கள்.

ஜுனைதீன் என்னோடு கதைக்கவில்லை. துறைமுக வாசலில் எதிர்ப்பட்டால் மறுபக்கத்தால் போவார். அவர் நல்லாகிவிட்டார், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை, உள்ளுக்குள் வலித்தது. அடுத்த பருவத்தில் கிண்ணியாவின் ஒரு ஆட்டத்துக்கு என்னைப் போட்டார்கள். அவர்தான் கப்டன். காசு சுண்டியபோது என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அந்த ஆட்டத்தில் கிண்ணியா ஒரு கோல் பின்னுக்கு நின்றது. நேரம் அதிகம் இல்லை. அவர்களுடைய முன்வரிசையில் புதிதாக வந்த கெட்டிக்காரப் பையன் ஒருவன், பந்தைத் துரத்திக்கொண்டு போய்க் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டான். நான் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன். அவன் எழும்பி, கையை உதறி, ஒன்றுமில்லை என்று சிரித்தான். கரையில் நின்ற கிண்ணியாச் சனம் கைதட்டியது. அவன் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கோல் அடிக்க ஆளில்லை.

நான் அவனை நோக்கி நடந்தேன். பாதி தூரம் போகுமுன் ஜுனைதீன் ஓடி வந்துவிட்டார். பையனின் முகவாயை ஒரு கையால் பிடித்து நிமிர்த்தி, மற்றக் கையின் விரலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார். அவனுடைய கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவன் கையைப் பிடித்துக் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். பையன் இழுத்துப் பறித்தான், அழுதான். சனம் ஜுனைதீனை வாய்க்கு வந்தபடி ஏசியது. போன வருசம் எனக்குக் கத்திய அதே வாய்கள்.

அவர் நின்று, அவர்களைப் பார்த்துச் சொன்னார். "தோத்தாத் தோப்பம். இவன்ட உம்மாக்குப் போய் நான் என்ன சொல்ற?"

பையனைக் கரையில் இருத்தி, ஒருவரிடம் ஒப்படைத்து, எழும்ப விடாதே என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். என் முன்னால் வந்து நின்றார். அந்த இறுதி ஆட்டத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"ஊதுங்க சேர்," என்றார். "நாங்க பத்துப் பேர்."